தைலம் தேய்க்க ஏன் தம்பியைக் கூப்பிடுகிறாள்?

கேள்வி: புடாபெஸ்டில் ஏழு வருடமாக இருக்கிறோம். கணவருக்கு இங்கே வேலை. மகளுக்கு 14 வயது, எட்டு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள். "இவள் இன்னொரு ஆக்னேஷ் சாவாய்" என்கிறார் கோச். 2007-இல் ஒரே வருடத்தில் 200-ஆவது இடத்துக்குப் பக்கத்திலிருந்து முதல் 20-க்குள் வந்த ஹங்கேரியப் பெண்ணாம் அவர். இனிமேல் முழுநேரப் பயிற்சி வேண்டும், பள்ளிக்குத் தினமும் போகாமல் பரீட்சை மட்டும் எழுத அனுமதி வாங்குங்கள் என்கிறார். செலவுக்காகக் கோவையில் மாமியார் இருக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்பது கணவரின் எண்ணம். மகள் சொல் தட்டாதவள். "முடியாது" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ராத்திரியில் மட்டும் ஒன்பது வயதுத் தம்பியை அறைக்குள் கூப்பிட்டு முதுகில் தைலம் தேய்க்கச் சொல்கிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை, பெரிய பெண்ணாகிவிட்ட கூச்சம் போல. போன மாதப் போட்டியில் கடைசி செட்டில் சர்வீஸ் சரியாகவே விழாமல் தோற்றாள். அன்று முழுக்க அவள் அப்பா யாரோடும் பேசவில்லை. நாங்கள் துணிந்து இறங்கலாமா?

பதில்:

சகோதரி, இறங்கலாமா என்ற கேள்விக்கு இன்று நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் பணக் கணக்குக்கு இரண்டு பக்கம், கோச் சொன்னதற்கு ஒரு பக்கத்துக்கு மேல். தைலத்துக்கு மட்டும் இரண்டே வரி. அந்த இரண்டு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கூச்சப்படுகிற பெண் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். பதினான்கு வயதில் முதுகைத் திறந்து காட்டத் தம்பியைக் கூப்பிடுகிற பெண்ணுக்கு இருப்பது கூச்சம் இல்லை, பயம். அவளுடைய வலியைக் கேட்டால் முகம் மாறாத ஆள் அந்த வீட்டில் அந்தச் சின்னப் பையன் ஒருவன்தான் என்று அவள் கண்டுகொண்டிருக்கிறாள். உங்களிடம் சொன்னால் நீங்கள் கணவரிடம் சொல்வீர்கள். அவர் கோச்சிடம் சொல்வார், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு விடுவார். அவர் பேசாமல் இருந்த அந்த ஒரு நாள் உங்களுக்குக் கடிதத்தில் ஒரு வரி. அவளுக்கு அது ஒரு பாடம். நன்றாகப் படித்துக்கொண்டுவிட்டாள்.

எத்தனை நாளாக வலிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எந்தப் பக்கம் வலிக்கிறது, பின்னால் சாயும்போது கூடுகிறதா, காலையில் எழுந்திருக்கும்போது இருக்கிறதா, ஒன்றும் இல்லை. ஆனால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் தரவரிசை 2007-இல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, அந்தப் பெண்ணின் கதையையே பேசுவோம். கோச் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆக்னேஷ் சாவாய் 1988 டிசம்பரில் கிஷ்குன்ஹாலாஷ் என்ற ஊரில் பிறந்தவர். 2005-இல் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம். 2007 ஜூலையில் பலெர்மோவில் முதல் பெரிய பட்டம். அடுத்த மாதம் அமெரிக்காவில் நியூ ஹேவன் போட்டி. தகுதிச் சுற்றிலிருந்து ஆடி ஆடி, இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரே ரஷ்யாவின் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவா. முதல் செட்டை 6-4 என்று சாவாய் எடுத்தார். இரண்டாவது செட்டில் 0-3 என்று பின்தங்கியிருந்தபோது ஆட்டத்தை விட்டு விலகினார். காரணம் கீழ் முதுகு. அப்போது அவருக்கு 18 வயது.

இந்த இடத்தைக் கோச் உங்களிடம் சொன்னாரா?

அதன் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சில நாளிலேயே யு.எஸ். ஓப்பனில் ஆடி காலிறுதி வரை போனார். செப்டம்பரில் பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில், அப்போது உலகின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவரான யெலேனா யான்கோவிச்சிடம் முதல் செட்டை இழந்து, தோல்விக்கு ஒரே ஒரு பாயின்ட் இருந்த நிலையிலிருந்து மீண்டு ஜெயித்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வந்தது. 2008 ஏப்ரலில் உலகில் 13-ஆவது இடம். 2009 பிரெஞ்சு ஓப்பனில் வீனஸ் வில்லியம்ஸை 6-0, 6-4 என்று வீழ்த்தினார். வீனஸிடமிருந்து ஒரு செட்டை 6-0 என்று எடுப்பது லேசான காரியமா? அபாரமான ஆட்டக்காரர், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. 2010 ஜூலையில் அடுத்தடுத்த வாரங்களில் புடாபெஸ்டிலும் பிராகிலும் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு முதுகு அவரை நிம்மதியாக ஆட விடவில்லை. 2013-இல் டென்னிஸிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 24.

நியூ ஹேவனில் அன்று வலித்ததுதான் 2013-இல் முடித்துவைத்தது என்று முடிச்சுப் போடுகிற உரிமை எனக்கில்லை. ஆனால் 2007 என்ற வருடத்தை உங்கள் மகளுக்கு ஆசை காட்டப் பயன்படுத்துகிறவர், அதே வருடத்தில் அதே பெண் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல், வீட்டை விற்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்துவது சரியில்லை.

இப்போது உங்கள் மகளின் முதுகுக்கு வருகிறேன். டென்னிஸில் சர்வீஸ் போடும்போது, முக்கியமாக இரண்டாவது சர்வீஸுக்குப் பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டுச் சுழற்றி அடிக்கும்போது, இடுப்பு பின்னால் வளைந்து அதே நொடியில் திரும்புகிறது. ஒரு நாளில் நூறு தடவை, வாரத்தில் ஆறு நாள். வளர்ந்து முடியாத எலும்பு அது. கீழ் முதுகெலும்பின் பின்புறத்தில் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வளைப்பதால் அங்கே மயிரிழை போல விரிசல் விழும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் பையன்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கும் வருவதும் இதே விரிசல்தான். டாக்டர்கள் ஸ்பான்டிலோலிசிஸ் என்பார்கள். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். சீக்கிரம் கண்டுபிடித்து, சில மாதங்கள் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும். கவனிக்காமல் விட்டால் விரிசல் முறிவாகி அப்படியே நின்றுவிடும், சிலருக்கு எலும்பு இடம் நகரவும் செய்யும். உங்கள் பெண்ணுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் ராத்திரி தைலம், பகலில் விழாத சர்வீஸ், இரண்டையும் நீங்களே ஒரே கடிதத்தில் எழுதிவிட்டுச் சேர்த்துப் பார்க்காமல் இருந்திருக்கிறீர்களே! தைலம் அந்த வலியை ஒரு ராத்திரிக்கு அடக்கும். விரிசலுக்கு அது ஒன்றும் செய்யாது.

இன்னொன்று. ஹங்கேரியில் போட்டிகளில் ஆடும் பிள்ளைகளுக்கு விளையாட்டு மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். உங்கள் பெண்ணும் வாங்கியிருப்பாள். மருத்துவர் "எங்காவது வலிக்கிறதா" என்று கேட்டபோது என்ன சொன்னாள்? பக்கத்தில் நின்றது யார்? அப்பா நின்றிருந்தால் அவள் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பாள்.

"முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. நீச்சல், பாட்டு, சதுரங்கம் என்று இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு ஏராளமாக வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் இந்த வரி இருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பெற்றவர்கள் மேல் ஒரே ஒரு கடமைதான் உண்டு, உண்மையைச் சொல்வது. மற்ற கடமை எல்லாம் நம்முடையது. அவள் உங்களுக்குப் பட்டம் வாங்கித் தர வேண்டியவள் இல்லை, விற்ற வீட்டை மீட்டுத் தர வேண்டியவளும் இல்லை. அந்த ஒரு கடமையைச் செய்யக்கூட அவளுக்கு வீட்டில் இடம் இல்லாமல் போயிற்று. ஒன்பது வயதுப் பையனோ அக்காவின் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு தூங்கப் போகிறான். அவனைப் பற்றி நினைத்தீர்களா? நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால், "எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை" என்று அந்தப் பிள்ளை எத்தனை வருடம் குமைவான்?

வீட்டைப் பற்றி இரண்டு வரி போதும். மாமியார் உயிரோடு குடியிருக்கும் வீட்டை, பேத்தியின் ஆட்டத்துக்காகவானாலும் விற்கக் கூடாது. அவரிடம் கேட்டீர்களா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை.

அவசரம் என்று கோச் சொல்வதில் உண்மை இல்லை. பெண்கள் டென்னிஸில் 14 வயது நிறையும் முன் தொழில்முறைப் போட்டியில் ஆடவே முடியாது. அதற்குப் பிறகும் 18 வயது வரை வருடத்துக்கு இத்தனை போட்டிதான் என்று வயதுவாரியாக வரம்பு உண்டு. 1990-களின் நடுவில் அந்த விதியைக் கொண்டுவந்ததே, சின்னப் பெண்கள் அடுத்தடுத்து உடலும் மனமும் நொறுங்கிப் போனதைப் பார்த்த பிறகுதான். ஹங்கேரியிலேயே பாருங்கள். ஆண்ட்ரியா தெமெஷ்வாரி, அப்பாவே கோச், 17 வயதில் 1983 இத்தாலியன் ஓப்பனை வென்றார், 1984 ஜனவரியில் உலகில் 7-ஆவது இடம். பிறகு கணுக்கால், தோள் என்று காயம் மேல் காயம். அந்த உயரத்துக்குத் தனியாட்டத்தில் அவரால் திரும்பவே முடியவில்லை. டால்மா கால்ஃபி 2015-இல் யு.எஸ். ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றவர், முதல் நூறுக்குள் வந்தது 2022-இல். ஏழு வருடம்! ஹங்கேரியப் பெண்களில் தனியாட்டத்தில் கிராண்ட்ஸ்லாம் வென்றவர் ஒரே ஒருவர், ஜூஜா கெர்மோட்ஸி. 1958-இல் பாரிஸ் செம்மண்ணில், முந்தைய வருடச் சாம்பியன் ஷெர்லி ப்ளூமரை வீழ்த்தி வென்றார். அப்போது அவருக்கு வயது 33. அந்தக் காலத்து டென்னிஸ் வேறு, எனக்குத் தெரியும். இருந்தாலும் 14 வயதில் மூன்று மாதம் ஓய்வெடுத்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்கிறவரிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். அவர் ஹங்கேரியர்தானே, கேட்டதும் தெரிந்துகொள்வார்.

இன்று ராத்திரி தைலத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போங்கள். பையனைத் தூங்க அனுப்புங்கள், அவனைத் திட்டாதீர்கள். மகளிடம் "ஏன் சொல்லவில்லை" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அதற்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். சொன்ன இடத்தில் தேய்த்துவிடுங்கள். அவள் அழுதால் அழட்டும். "அப்பாவிடம் சொல்லாதே" என்பாள். அந்தச் சத்தியம் மட்டும் செய்து கொடுக்காதீர்கள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், உனக்கு ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கணவரிடம் அன்றைக்கே பேசுங்கள். வருகிற போட்டியிலிருந்து பெயரைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். கோச்சுக்குத் தகவல் சொன்னால் போதும், அவரிடம் அனுமதி கேட்கப் போக வேண்டாம். இந்த வாரமே முதுகெலும்பு பார்க்கும் விளையாட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் அதோடு திரும்பி வந்துவிடாமல், எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே கேளுங்கள். உள்ளே போகும்போது அவளோடு நீங்கள் போங்கள், உங்கள் கணவர் வெளியே உட்காரட்டும். பதிலை அவளே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். மருத்துவர் நிறுத்தச் சொன்னால், சொன்ன நாள் வரை மட்டை அலமாரிக்குள் இருக்கட்டும். அந்த மாதங்களில் உங்கள் கணவர் மகளோடு வழக்கம்போலப் பேச வேண்டும், சிரிக்க வேண்டும். அதை அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். ஜெயித்தால் பேச்சு, தோற்றால் மௌனம் என்பது அப்பா செய்கிற காரியம் இல்லை.

பள்ளியை விடுவதா, கோச்சை மாற்றுவதா என்பதெல்லாம் அப்புறம். ஸ்கேன் எடுத்து, மருத்துவர் என்ன சொன்னார் என்பதோடு எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ஒரு பக்கமாவது அவள் தன் கையால் எழுதியதாக இருக்க வேண்டும்.