50 கிலோவாட் சோலாருக்கு முன் 6 வாட்டைக் கவனியுங்கள்

கேள்வி: மூன்று தளங்கள், தளத்துக்கு 600 சதுர மீட்டர். புதிய அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு எஸ்டிமேட் தயாரிக்கிறேன். மொட்டைமாடியில் 50 கிலோவாட் சோலார் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டடம் முடிந்தபின் அதைத் தனி டெண்டராக விடலாமா? மின் சிக்கனத்துக்கென்று வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: தனி டெண்டர் விடுவதில் தவறில்லை. ஆனால் சோலாருக்கான ஏற்பாடு முழுவதும் கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கப்போகிறது என்பதைக் குறைத்தாக வேண்டும்.

விளக்கிலிருந்து தொடங்கலாம். பழைய எஸ்டிமேட்டை நகலெடுத்தால் சதுர மீட்டருக்கு 12 வாட், சில சமயம் 15 வாட்கூட விளக்குக்கு வந்து நிற்கும். நல்ல எல்இடி விளக்குகளைக் கணக்குப் போட்டு வைத்தால் மேசை மட்டத்தில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சத்துக்கு 6 வாட் போதும். 1,800 சதுர மீட்டருக்கு இந்த வித்தியாசம் 10.8 கிலோவாட். ஒன்பது மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 97 யூனிட். வெயில் நன்றாக அடிக்கும் இடத்தில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். அதாவது விளக்கில் மட்டும் மிச்சமாவது, வேலை நாட்களில் 24 கிலோவாட் சோலார் உற்பத்திக்குச் சமம். மின்விசிறியிலும் அப்படித்தான்: சாதாரண விசிறி 70 முதல் 80 வாட் இழுக்கும், பிஎல்டிசி (தூரிகையில்லா டிசி மோட்டார்) விசிறி 30 வாட்டை ஒட்டி நிற்கும்.

பெரிய தொகை ஏசியில் இருக்கிறது. 12 சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் பழக்கம், வெயிலுக்குத் திறந்து கிடக்கும் அறைக்குப் பொருந்தலாம். மேல்தளத்தில் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகை), அதன் மேல் வெள்ளை ஓடு, மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைத்தல், இருக்கும் ஜன்னலுக்குச் செங்குத்து மறைப்பு என்று செய்துவிட்டால், பெரும்பாலும் 20 சதுர மீட்டருக்கு ஒரு டன் போதும். (மேற்கு வெயில் தாழ்வாக வரும், சன்ஷேடு மட்டும் போட்டால் பயன் குறைவு.) 900 சதுர மீட்டருக்கு ஏசி என்றால் 75 டன் 45 டன்னாகிறது. ஒவ்வொரு டன்னும் ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுப்பது. எனவே டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், ஜெனரேட்டர் எல்லாமே ஒரு அளவு கீழே இறங்கும். வெப்பக்காப்புக்கான செலவில் கணிசமான பங்கை இங்கேயே மீட்கலாம். இறுதி அளவை வெப்பச் சுமைக் கணக்கு போட்டே முடிவு செய்யுங்கள். ஏசி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் சீக்கிரம் குளிர்ந்து அடிக்கடி நிற்கும். ஈரப்பதம் இறங்காமல் அறை புழுங்கும். உடனே ரிமோட்டில் 18 வைப்பார்கள்.

இனி மொட்டைமாடி. 600 சதுர மீட்டரில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, மாடிப்படி முகப்பு, நடைபாதை, நிழல் விழும் ஓரம் போக 400 மிஞ்சும். கிலோவாட்டுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் தேவை. ஆக 40 முதல் 50 கிலோவாட் வரை வரும். தொட்டி நடுவில் உட்கார்ந்துவிட்டால் 30 கூடத் தேறாது. தொட்டியையும் லிஃப்ட் அறையையும் காலை, மாலை நிழல் பேனல் மேல் விழாத மூலைக்கு ஒதுக்குங்கள். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், இடிதாங்கிக் கம்பியின் நிழல்கூட அது விழும் பரப்பைவிட அதிக இழப்பைத் தரும்.

பேனல் நிற்கும் பீடங்களை மேல்தளத்தோடு சேர்த்தே வார்த்து, அதன் பிறகு நீர்க்கசிவுத் தடுப்பு செய்ய வேண்டும். பின்னால் வந்து தளத்தைத் துளைத்தால் மழைக்கு ஒழுகும். கட்டட ஒப்பந்ததாரர் சோலார்க்காரரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். எடையைவிடக் காற்று தூக்கும் விசைதான் இங்கே கவலை. கட்டமைப்புப் பொறியாளரிடம் இரண்டுக்கும் கணக்கு வாங்குங்கள். மாடியிலிருந்து மின் அறை வரை குழாய் வழி, பேனல் மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குக் காற்றோட்டமான நிழல் இடம், பேனல் கழுவ மாடியில் ஒரு குழாய் ஆகியவையும் இப்போதே வரைபடத்தில் ஏறட்டும்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று உங்கள் மேலதிகாரிகள் நினைத்திருக்கலாம். மின்கட்டமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்டலாம். ஆனால் அதன் சுமை 30 சதவீதத்துக்குக் கீழே போகாமல் சோலாரைக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். அது இல்லையென்றால் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயலாம்.

பலரும் தவறவிடுவது பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு. 60 கிலோவாட் சுமை, 30 கிலோவார் (மோட்டார் போன்றவை காந்தப்புலத்துக்காக இழுக்கும், வேலை செய்யாத பகுதி) என்றால் அது 0.89. சோலார் 40 கிலோவாட்டைத் தாங்கிக்கொண்டதும் வெளியிலிருந்து வருவது 20 கிலோவாட்தான், கிலோவாரோ அதே 30. மீட்டரில் 0.55 என்று விழும். பவர் ஃபேக்டருக்கு அபராதம் உள்ள கட்டண முறை என்றால், யூனிட் குறைந்தும் பில் வலிக்கும். பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் மின்தேக்கிப் பலகையின் சிடி (மின்னோட்டத்தை அளக்கும் கருவி), சோலார் இணையும் இடத்துக்கு முன்னால், மீட்டர் பக்கம் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரையும் கிலோவார் தரும்படி அமைக்கலாம்.

விடுமுறை நாளில் சுமை இருக்காது, உற்பத்தி இருக்கும். உபரியைக் கணக்கில் வரவு வைக்கும் நெட் மீட்டரிங் கிடைக்குமா, எத்தனை கிலோவாட் வரை என்பதை மின் விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே 50 என்பதை உறுதி செய்யுங்கள்.

டெண்டரில் 50 கிலோவாட் என்பது பேனல் அளவா, இன்வெர்ட்டர் அளவா என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் எது மலிவோ அது வரும். ஆண்டு உற்பத்திக்கு உத்தரவாதம் கேட்டால் 'வெயில் குறைவு' என்று தப்பிப்பார்கள். வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் ஒன்றை மாடியில் வைக்கச் சொல்லி, அந்த அளவுக்கு 75 சதவீதத்துக்குக் குறையாத செயல்திறன் விகிதம் (அந்த வெயிலுக்கு வர வேண்டிய உற்பத்தியில் உண்மையில் வந்த பங்கு) என்று நிபந்தனை போடுங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பும் அதே ஒப்பந்தத்தில், பிடித்தத் தொகையோடு இருக்கட்டும். டிசி கேபிள் இணைப்பான்கள் இரு முனையும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும். வேறு வேறு தயாரிப்பைச் செருகினால் பொருந்தியதுபோலத்தான் தெரியும். நாளடைவில் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

ஒப்படைக்கும் நாளில், ஒவ்வொரு பேனல் தொடரின் மின்னழுத்தம், காப்புத்தடை அளவுகளைத் தாளில் வாங்குங்கள். கண்காணிப்புச் செயலியின் கணக்கு ஒப்பந்ததாரரின் ஊழியர் கைப்பேசியில் இருந்தால் அவரோடு போய்விடும். அதை அலுவலக மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிம் கார்டுக்கு யார் ரீசார்ஜ் செய்வது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.