அக்காவின் அழைப்பும் எதிர்மறை ஆற்றலும்

கேள்வி: ஓராண்டாக ஆற்றல் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வருகிறேன். மனம் தெளிந்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். இருமை மாயை, எல்லாம் ஒன்றே என்று அங்கே கற்றேன். நம் ஆற்றலை உறிஞ்சும் எதிர்மறை மனிதர்களிடமிருந்து விலகினால்தான் வளர முடியும் என்கிறார் ஆசிரியர். மறதிநோய் கண்ட அம்மாவைப் புக்கிட் பாத்தோக்கில் அக்காதான் பார்த்துக்கொள்கிறார். தினமும் இரவு 10 மணிக்கு அழைத்துப் புலம்புவார். பேசி முடித்ததும் சோர்ந்துவிடுவேன். மூன்று மாதமாக அவர் அழைப்பை எடுப்பதில்லை. இப்போது அவர் அழைப்பதும் குறைந்துவிட்டது. மாதந்தோறும் பணம் அனுப்பிவிடுகிறேன். நான் செய்வது சரிதானே?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சரியில்லை, சகோதரி. ‘சரிதானே’ என்று நீங்கள் கேட்கும் விதத்திலேயே உங்கள் மனம் உறுத்துவது தெரிகிறது.

எல்லாம் ஒன்றே என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே மனிதர்களை நேர்மறை, எதிர்மறை என்று இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுகிறீர்கள். இருமையைக் கடக்கப் போன இடத்தில் புதிதாக ஓர் இருமையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் வேண்டாத கூடையில் விழுந்தவர் உங்கள் கூடப்பிறந்தவர்.

‘எதிர்மறை’ என்ற அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மின்சாரத்துக்கு நேர், எதிர் என்ற பெயர்களை 1740களில் வைத்தவர் பெஞ்சமின் ஃபிராங்கிளின். கணக்குக்காக வைத்த பெயர்கள். நல்லது கெட்டது என்ற பொருள் அவற்றில் கிடையாது. எலக்ட்ரானில் இருப்பது எதிர்மின்னூட்டம். உங்கள் புளோக்கில் மின்தூக்கி ஏறுவதும், நீங்கள் தியானம் பழகும் அறையில் விளக்கு எரிவதும் அந்த எலக்ட்ரான்களின் அசைவால்தான். அறிவியலிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கி, அதைக்கொண்டு துன்பப்படும் மனிதரை ஒதுக்கச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. உங்கள் சோர்வு பொய் என்று நான் சொல்லவில்லை. பிறர் வேதனையைக் கேட்டால் மனம் கனக்கத்தான் செய்யும். அந்தக் கனத்துக்கு நம் மொழியில் இரக்கம் என்று பெயர்.

இருமையைப் பற்றி நம் மரபு ஆழமாக யோசித்திருக்கிறது. அத்துவிதம் என்ற சொல்லுக்கு ‘ஒன்று’ என்று பொருள் கொள்ளக் கூடாது, ‘வேறாக இல்லை’ என்றே கொள்ள வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் விளக்கினார். அவர் பேசியது இறைவனையும் உயிரையும் பற்றி. இரண்டும் வேறு வேறு பொருள்கள், ஆனால் பிரிந்து நிற்பதில்லை. அந்தச் சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்று ஒரு நிலை உண்டு. நல்வினையின் பயன் வந்தாலும் தீவினையின் பயன் வந்தாலும் விருப்பு வெறுப்பின்றி ஒரே மனத்தோடு ஏற்கும் நிலை அது. உங்கள் வகுப்பில் வளர்ச்சி என்று சொல்வதை நம்மவர்கள் பக்குவம் என்றார்கள். அச்சொல்லுக்கு வெந்தது, பழுத்தது என்று பொருள். சூடு படாமல் எது வேகும்?

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை நீங்களும் நடந்திருப்பீர்கள். இல்லாவிட்டால் ஓரமாக நின்றாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் காவடியின் கதை இடும்பனுடையது. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தண்டின் இரு முனைகளிலும் கட்டி, ஒரே தோளில் சுமந்து வந்தான். ஒன்று கனக்கிறதென்று அவிழ்த்துவிட்டிருந்தால் மற்றது மட்டும் தோளில் நின்றிருக்குமா? இருமையைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான படம் இதுதான். சிறு வயதில் கேட்ட கதை. அதன் ஆழம் விளங்க எனக்கு நாற்பது வயதாகிவிட்டது.

காவடி எடுப்பவரோடு யார் நடக்கிறார்கள் என்று அடுத்த முறை கவனியுங்கள். அண்ணன் முக்காலி தூக்கி வருவார். அம்மா பால்குடத்தோடு முன்னே போவார். யாரோ ஒருவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து வாயருகே நீட்டுவார். கால் தள்ளாடும்போது சுற்றி நிற்பவர்கள் இன்னும் உரக்க ‘வேல் வேல்’ என்பார்கள். அவருடைய வலி தங்களைத் தொற்றிவிடும் என்று எவரும் ஒதுங்கி நடப்பதில்லை. உங்கள் அக்காவுக்கு ஆண்டின் எல்லா நாளும் காவடிதான். உடன் நடக்க இருந்த ஒருவரும் மூன்று மாதமாக அழைப்பை எடுப்பதில்லை.

அவர் ஏன் 10 மணிக்கு அழைத்தார் என்று யோசித்தீர்களா? மறதிநோய் கண்டவர்கள் பலருக்கு மாலை சாயும் வேளையில் தவிப்பு கூடும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அம்மா கண்ணயர்ந்தபின் அக்காவுக்குக் கிடைக்கும் முதல் அரை மணி நேரமாக அது இருக்கலாம். அந்த அரை மணியை அவர் உங்களுக்குக் கொடுத்தார்.

பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. பிள்ளைகளிடம் பெற்றோர் பராமரிப்புப் பணம் கோர இந்நாட்டில் 1995இலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் கேட்கக்கூடியதை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். அக்கா கேட்பது வேறு.

தியானத்தை விட வேண்டாம். அதில் கிடைத்த தெம்பு உங்களுக்கு வேண்டியிருக்கும். அடிப்பவரிடமிருந்தும் அவமதிப்பவரிடமிருந்தும் விலகுவது முறைதான், அது வேறு பேச்சு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நீங்கள் புக்கிட் பாத்தோக்குக்குப் போய் அம்மாவோடு இருங்கள். அக்கா வெளியே போய்வரட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அம்மாவைப் பகலில் சேர்த்துக்கொள்ளும் முதியோர் பராமரிப்பு நிலையம் அருகில் இருக்கிறதா என்று விசாரிக்கும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பக்கூட அக்காவுக்கு நேரம் இருந்திருக்காது.

இன்றிரவு 10 மணிக்கு நீங்கள் அழையுங்கள். ஏன் எடுக்கவில்லை என்ற விளக்கமெல்லாம் பிறகு சொல்லலாம். முதலில், அக்கா சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.