முதுகெலும்பில் சின்னக் கட்டி என்றால் கான்சர்தானா?

உப்புவெளியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: 15 வயது மகனுக்கு இரவில் முதுகுவலி, புரூஃபன் வலிமாத்திரை போட்டால் அடங்குகிறது, முதுகும் ஒரு பக்கம் சாய்கிறது, 'ஒஸ்டியோயிட் ஒஸ்டியோமா' சந்தேகம் என்கிறார்கள், கான்சரா என்று.

அது உறுதியானால் கான்சர் இல்லை. பெரும்பாலும் 2 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும் எலும்புக் கட்டி. அது வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நிறையச் சுரப்பதால்தான் இரவுவலி, அதனால்தான் அந்த மாத்திரைக்கு வலி கேட்கிறது. (டெங்குக் காலத்தில் காய்ச்சல் வந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள், பரசிற்றமோல்தான்.)

எம்.ஆர்.ஐ மட்டும் எடுத்திருந்தால் போதாது. அதில் சுற்றியுள்ள வீக்கம்தான் பெரிதாகத் தெரியும், பார்ப்பவர் கிருமித்தொற்று என்றோ வேறு கெட்ட கட்டி என்றோ நினைத்துவிடலாம். மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. ஸ்கேனில் முள்ளெலும்பின் பின்பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, சுற்றி வெள்ளை வளையம், சிலவேளை பொட்டுக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி என்று தெளிவாக விழும்.

மாத்திரையால் சமாளிக்க முடியாவிட்டால், சி.டி.யைப் பார்த்தபடியே ஊசியை உள்ளே விட்டு ரேடியோ அலைச் சூட்டால் பொட்டைக் கருக்குவார்கள். நரம்புக்கோ முண்ணாணுக்கோ ஒட்டியிருந்தால் அந்தச் சூடு ஆபத்து, அப்போது பெரும்பாலும் திறந்து சத்திரசிகிச்சைதான். பொட்டு முழுதாக வெளியே வரவேண்டும், மிச்சம் விட்டால் வலி திரும்பும். முள்ளெலும்புகளுக்கு இடையிலான மூட்டுப் பகுதியை நிறைய வெட்டவேண்டி வந்தால்தான் ஸ்குரூ போட்டு இறுக்குவார்கள். சாய்வும் வளரும் வயதில் சீக்கிரம் எடுத்தால் பெரும்பாலும் தானாகக் குறையும், வருடக்கணக்கில் விட்டால் அப்படியே நின்றுவிடலாம்.

கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் பதிந்த சீடித் தட்டையும் கொண்டு போங்கள், டொக்டர் படத்தைத்தான் பார்ப்பார்.