தேள் கொட்டிய இடமும் நெறி கட்டிய இடமும்

வணக்கம் மேடம்,

நான் சென்னையில் பிசியோதெரபி முதலாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. இப்போது அனாட்டமியில் தோளும் மேற்கையும் நடக்கிறது. பிரேக்கியல் பிளெக்ஸஸ், அதாவது கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல், அதன் படத்தை நாற்பது தடவையாவது வரைந்திருப்பேன். காலையில் எழுந்தால் மறந்துவிடுகிறது. இதையெல்லாம் தமிழில் படித்தால் மனதில் நிற்குமா? வர்மப் புள்ளிகளும் இந்த நரம்புகளும் ஒன்றுதானா? அக்குளில் ஸ்ப்ரே அடித்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, உண்மையா? அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு வலது மார்பில் ஆபரேஷன் ஆனது, அதனால் கேட்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறார். அந்தப் பக்கத்துக் கை மட்டும் கொஞ்சம் வீங்கினாற்போல இருக்கிறது, உள்பக்கம் மரத்திருக்கிறது என்கிறார். வயதானால் அப்படித்தான் என்று அவரே சொல்லிவிட்டார்.

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு மாணவி, வியாசர்பாடி

அன்புள்ள மாணவிக்கு,

என் மகளைவிடச் சின்னவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். ஸ்ப்ரேயால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அந்தச் செய்தியை அழித்துவிடு. வர்மம் இன்னொரு நாள். பிளெக்ஸஸுக்குப் பிறகு வருகிறேன்.

கடிதத்தின் கடைசி மூன்று வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. நாற்பது தடவை தோளின் படம் வரைந்த பெண், ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவின் தோளை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை. 'வயதானால் அப்படித்தான்' என்று அம்மா சொன்னாராம், நீ கேட்டுக்கொண்டாயாம். வயதானால் இரண்டு கையும் அல்லவா வீங்க வேண்டும்? ஆபரேஷன் ஆன பக்கம் மட்டும் ஏன் வீங்குகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா?

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அடியில் பெரியம்மாவின் ரவிக்கை ஒன்று இருந்தது. மாம்பழக் கலர், வாயில் துணி. வலது கை சாதாரணமாக இருக்கிறது. இடது கையில் அக்குளிலிருந்து விளிம்புவரை தையலைப் பிரித்து, நீளமான முக்கோணத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதே துணி கிடைக்கவில்லை போலிருக்கிறது, துண்டு மட்டும் வெளிர் மஞ்சள். அதன் இரண்டு பக்கமும் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு தடவை பிரித்து அகலப்படுத்தி, அதுவும் பற்றாமல் மறுபடி பிரித்ததன் தடம். பெட்டியை அப்படியே திறந்துபோட்டுவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது.

பெரியம்மா திருவல்லிக்கேணியில் இருந்தார். 1986இல் இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். புற்று முதலில் பரவும் வழி அது என்பதால் எடுத்தது சரிதான், அதற்கு அப்புறம் அவர் 19 வருடம் உயிரோடு இருந்தார். அந்த டாக்டர்கள் மேல் எனக்கு அந்த வகையில் நன்றிதான். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "இந்தக் கையில் வெயிட் தூக்காதீங்க." ஏன் என்று சொல்லவில்லை. கை வீங்கலாம், வீங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெரியம்மா அந்தக் கையை உபயோகிப்பதையே நிறுத்திவிட்டார். அடிபம்பில் வலது கையால் அடிப்பார், குடத்தை வலது இடுப்பில் வைப்பார். ஒரு வருடத்தில் இடது தோள் இறுகிப்போய் தலை வாரக்கூடக் கை மேலே போகவில்லை. இரண்டாவது வருடம் வீங்கத் தொடங்கியது. வளையலைத் தட்டானிடம் கொண்டுபோய் வெட்டித்தான் எடுத்தார்கள்.

தெருவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவங்களுக்குக் கையிலே யானைக்கால்." சென்னையில் அப்போது யானைக்கால் சாதாரணம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும் என்பதால். பெரியம்மா ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. அக்கா கல்யாணப் பேச்சு ஒன்று அதனால் நின்றுபோனது.

அந்தக் கையை வருடா வருடம் அளந்தவர் ஒருவர்தான், பைக்ராப்ட்ஸ் ரோடு பக்கத்தில் இருந்த டெய்லர். அவர் நோட்டில் பெரியம்மா பேருக்கு நேரே 'கை லூஸ்' என்று போட்டு இரண்டு எண் இருக்கும். வலது 11. இடது 12½. அடுத்த தீபாவளிக்கு 13. அப்புறம் 14½. நோய் எப்படி வளர்ந்தது என்பதற்கு இருந்த ஒரே கணக்கு அது.

இப்போது உன் பாடத்துக்கு வா. கைக்கு ரத்தம் போகும் வழி உனக்குத் தெரியும். காரை எலும்புக்குக் கீழே வந்து, முதல் விலா எலும்பைத் தாண்டியதும் ஆக்ஸிலரி தமனி என்று பேர் மாறி, அக்குளைத் தாண்டியதும் பிரேக்கியல் ஆகி முழங்கைக்கு இறங்குகிறது. பிரஷர் பார்க்கும்போது அங்கேதான் காது வைக்கிறார்கள். திரும்பி வரும் சிரைகளும் உனக்குத் தெரியும். ஆனால் போன ரத்தம் முழுவதும் சிரை வழியே திரும்புவதில்லை. உடம்பு முழுக்க ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர் நீர் தந்துகிகளிலிருந்து கசிந்து சதைக்கு நடுவே தங்கிவிடுகிறது. அதை அள்ளிக்கொண்டு திரும்புவது நிணநீர்க் குழாய்கள். கையின் நிணநீர் ஏறக்குறைய எல்லாம் அக்குளில் இருக்கும் 20, 30 கணுக்கள் வழியாகத்தான் மேலே போய்க் கழுத்தடிச் சிரையில் கலக்கிறது. மார்பின் நிணநீரிலும் முக்கால் பங்கு அதே இடத்துக்குத்தான் வருகிறது. அந்தக் கணுக்களை எடுத்தாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ, கசிந்த நீருக்குப் போக வழி குறைகிறது. உன் அம்மாவின் கையில் இருப்பது அதுவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

அந்தக் கணுவைத்தான் நம் ஊரில் நெறி என்கிறோம். பாடப்புத்தகம் இந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. 'தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா' என்று உன் பாட்டி சொல்லியிருப்பாரே. சம்பந்தமில்லாத பேச்சைக் கண்டிக்கச் சொல்கிற பழமொழி அது. ஆனால் அதைச் சொல்ல ஒன்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒரே உடம்பில் கொட்டு ஓரிடத்தில், நெறி வேறிடத்தில் கட்டும். விரலில் சீழ் வைத்தால் அக்குளில், காலில் புண் என்றால் தொடையிடுக்கில். குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. போட்டால் சில சமயம் இடது அக்குளில் நெறி கட்டுவதைத் தாய்மார்கள் பார்க்கிறார்கள். 1948இல் பி.சி.ஜி. தயாரிக்க கிண்டியில் ஆய்வுக்கூடம் தொடங்கிய ஊர் இது. ஐரோப்பாவில் ஹார்வி ரத்த ஓட்டத்தை எழுதியது 1628இல். நிணநீர்க் குழாய்களைப் பற்றி பார்த்தோலின் எழுதியது 1653இல். குழாயை நாம் கண்டுபிடித்தோம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டைதான். ஆனால் கொட்டின இடத்துக்கும் நெறி கட்டின இடத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு படிக்காத கிழவியிடம் ஒரே சொல்லில் விளக்கியிருக்க முடியும். "அம்மா, அக்குள் நெறியை எடுத்துட்டோம், இனிமே இந்தக் கையிலே நீர் தேங்கலாம், பார்த்துக்குங்க." பெரியம்மாவுக்கு இது புரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

என் டாக்டர் தோழி ஒருத்தி சொன்னாள், பிணத்தை அறுத்துப் படிக்கும்போது அக்குளுக்கு வந்தால் முதல் வேலை கொழுப்பையும் நெறிகளையும் வழித்து எடுப்பதுதானாம். அப்போதுதான் பிளெக்ஸஸ் கண்ணுக்குத் தெரியுமாம். படிப்புக்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் முதல் நாளே வாளியில் போன பொருளை அப்புறம் யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

சரி, பிளெக்ஸஸ். கழுத்திலிருந்து ஐந்து வேர், சி5 முதல் டி1 வரை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வரையாதே. அக்குள் தமனியை முதலில் போடு, அதன்மேல் 'எம்' எழுத்து மாதிரி மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியன், அல்நார் மூன்று நரம்பையும் போடு, பின்னால் போகும் ரேடியல், ஆக்ஸிலரி நரம்புகளை அப்புறம் சேர். தமிழில் படித்தால் நிற்குமா என்று கேட்டாய். யாரோ ஒருவர் கையில் பார்த்துப் படித்தால் எந்த மொழியிலும் நிற்கும்.

உன் அம்மாவின் கை உள்பக்கம் மரத்திருக்கிறதே, அந்த நரம்பு நீ வரைந்த நாற்பது படத்தில் எதிலும் இருந்திருக்காது. இரண்டாவது விலா இடுக்கிலிருந்து கிளம்பி அக்குளைக் குறுக்காகக் கடந்து மேற்கையின் உள்தோலுக்கு வருகிறது. இன்டர்காஸ்டோபிரேக்கியல் என்று பேர். நெறிகளை எடுக்கும்போது இது அடிக்கடி அறுபடும், இல்லாவிட்டால் இழுபடும். மாரடைப்பு வலி இடது கையின் உள்பக்கம் இறங்குவதற்கும் இந்த நரம்பு ஒரு காரணம். ஆக, அம்மா சொன்ன மரப்பு கற்பனை இல்லை என்று முதலில் அவரிடம் சொல். அப்புறம் இரண்டு கையையும் சுவரில் ஊன்றித் தள்ளச் சொல்லிப் பின்னாலிருந்து பார். வலது தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி வெளியே எழும்பினால், நெஞ்சின் பக்கவாட்டில் இறங்கும் லாங் தொராசிக் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீக்கத்தைத் தள்ளிப்போடாதே. ஆரம்பத்தில் கையை உயர்த்தி வைத்தால் வடியும், விட்டுவிட்டால் சதை இறுகிப்போகும், அப்புறம் முழுதாகத் திரும்பாது. இதற்கு மருந்து மாத்திரையைவிட வேலை செய்வது அழுத்தக் கட்டு, அளவெடுத்துக் கை முழுக்கப் போடும் இறுக்கமான ஸ்லீவ், நிணநீரை மெல்ல வழித்துவிடும் பயிற்சி, உடற்பயிற்சி. யார் செய்கிற வேலை இது? உன் படிப்பில் இருக்கிறவர்கள் செய்கிற வேலை. வெயிட்டே தூக்கக் கூடாது என்ற பழைய பயமும் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எடை தூக்கினால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து சொல்லித்தரத் தொடங்க வேண்டும். மீன் ஆயும்போது வலது கையில் முள் குத்தாமல் பார்க்கச் சொல். கை திடீரென்று சிவந்து சுட்டு, காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பார்க்கக் கூடாது.

இன்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து, முழங்கைக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ., இரண்டு கையிலும் சுற்றளவு எடு. வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் இந்த வாரமே காட்ட வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும் மரப்பும் வீக்கமும் இருப்பதால் அடுத்த செக்கப்பில் சொல்லாமல் விடாதே. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுது. வீட்டில் டேப் இல்லையென்றால் தெருமுனை டெய்லரிடம் வாங்கிக்கொள், கொடுப்பார். எழுதினதை எனக்கும் அனுப்பு, நான் காத்திருப்பேன்.