மரக் கம்பெனி காட்டில் மான் வேட்டை: கேட்டவர்களுக்குப் பதில்

மேற்கு வாஷிங்டனில் மரக் கம்பெனிகளின் காடுகளில் கருவால் மான் வேட்டை பற்றிக் கேளுங்கள் என்றேன். குவித்துவிட்டீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். ஓரிகன், கலிஃபோர்னியா பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அங்கே சட்டம் வேறு.

ரெட்மண்ட்: அண்ணா, மாநில வேட்டை லைசென்ஸும் மான் டேக்கும் (மானைச் சுட மாநிலம் தரும் சீட்டு) வாங்கிவிட்டேன். வேயர்ஹவுசர் மரக் கம்பெனியின் காட்டுக்குள் போகலாமா?

அது மட்டும் போதாது தம்பி. மானுக்கு அனுமதி தருவது மாநிலம், நிலத்துக்கு அனுமதி தருவது கம்பெனி. லைசென்ஸ் கேட்டைத் திறக்காது. ஒரு காலத்தில் இந்தக் காடுகளில் பெரும்பகுதிக்குள் சும்மாவே போய்வந்தோம். 2010களில்தான் காசுக்குப் பெர்மிட் பரவியது. அது ஒவ்வொரு மரப்பண்ணைக்கும் தனித்தனி, எண்ணிக்கையும் குறைவு. வண்டியோடு போக ஒரு வகை, நடந்தோ சைக்கிளிலோ போக இன்னொரு வகை. நல்ல இடங்கள் சீசனுக்குப் பல மாதம் முன்பே ஆன்லைனில் தீர்ந்துவிடும். சில பகுதிகளை யாராவது குத்தகைக்கு எடுத்திருப்பார்கள், அங்கே உங்கள் பெர்மிட் செல்லாது.

கேட் பூட்டியிருந்தாலும் அதன் முன்னால் வண்டியை நிறுத்தாதீர்கள். தீயணைப்பு வண்டியும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

கென்ட்: எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

கூட்டாட்சிச் சட்டப்படி, தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் வாஷிங்டனில் குடியிருக்கும் தற்காலிக விசாக்காரர் கவுண்டி ஷெரிஃபிடம் தனி உரிமமும் வாங்க வேண்டும். முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். இதில் தவறினால் போவது மான் இல்லை, விசா. வில் வேட்டைக்கு இந்தத் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வராது.

பாதெல்: இவ்வளவு பெரிய காட்டில் மானை எங்கே தேடுவது?

அப்பாடா, ஒரு வேட்டைக் கேள்வி! அடர்ந்து வளர்ந்த டக்ளஸ் ஃபர் (ஊசியிலை மரம்) தோப்புக்குள் அலையாதீர்கள். அதன் தரைக்கு வெயிலே இறங்காது, மானுக்குத் தின்ன அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. கம்பெனி மொட்டையாக வெட்டி, திரும்ப நட்டு, சில ஆண்டுகள் ஆன சரிவுகளைப் பாருங்கள். வெயில் பட்டதும் முட்செடியும் புதரும் தழைக்கும், மான் அதற்குத்தான் வரும். கன்றுகள் வளர்ந்து மேலே மூடியதும் அந்த விருந்து முடிந்துவிடும். போன தலைமுறை வேட்டைக்காரர் சொன்ன 'நல்ல இடம்' இன்று வெறும் நிழலாக இருப்பது இதனால்தான். நட்ட கன்றுக்குப் போட்டியாகாமல் இருக்கக் களைக்கொல்லி தெளித்த இடங்களிலும் தீனி குறைவு.

கருவால் மான் வெட்டவெளியில் நிற்பதை விரும்பாது. வெட்டிய இடமும் அடர்காடும் சேரும் ஓரத்தில், காலை முதல் வெளிச்சத்திலும் மாலை கடைசி வெளிச்சத்திலும் உட்கார்ந்து பாருங்கள். நவம்பரில் இணைசேரும் பருவம் வந்தால் ஆண் மான் பகலிலேயே வெளியே வரும். அந்த மாதத்துச் சின்ன சீசனுக்கு லீவைச் சேர்த்து வைப்பவர்கள் புத்திசாலிகள். மழை என்று வீட்டில் இருக்காதீர்கள்.

டகோமா: வண்டிப் பெர்மிட் இருக்கிறது. வண்டியிலிருந்தே சுடலாமா?

கூடாது. குண்டு ஏற்றிய ரைஃபிளை வண்டியில் வைப்பதே குற்றம். மரம் ஏற்றி வரும் லாரி ஒற்றைப் பாதையில் உங்களுக்காக நிற்க முடியாது, நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். கேட் முன்னால் நிறுத்தாதீர்கள் என்று சொன்னேனா?

ஒலிம்பியா: வரிச் சலுகையும் வாங்கிக்கொண்டு நம்மிடம் காசும் வாங்குவது அநியாயம் இல்லையா?

கீழே கமெண்ட்டுகளில் இதற்குச் சண்டையே நடக்கிறது, என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனில் காட்டு நிலத்துக்குச் சந்தை விலைப்படி வரி இல்லை, குறைந்த மதிப்பில்தான் போடுகிறார்கள். அப்புறம் மரம் வெட்டும்போது 5 சதவீத வரி. அந்தச் சலுகை மரம் வளர்ப்பதற்குத்தான், கேட்டைத் திறப்பதற்கு இல்லை. கோபம் இருந்தால் சட்டமன்றத்தில் காட்டுங்கள், கேட் காவலாளியிடம் காட்டாதீர்கள்.

ஆனால் 'காட்டில் யாராவது அடிபட்டால் கம்பெனி மேல் வழக்கு வரும், அதனால்தான் காசு' என்று கமெண்ட்டில் கம்பெனி பக்கம் பேசும் நண்பரே, நீங்கள் விபத்துக்கு யார் பொறுப்பு என்ற சட்டத்தை இழுப்பது தலைகீழ். இலவசமாக மக்களை உள்ளே விடும் நில உரிமையாளருக்குத்தான் விபத்து வழக்கிலிருந்து பெரும் பாதுகாப்பு. கட்டணம் வாங்கினால் அது போய்விடும். ஆக, வழக்குப் பயத்தால் காசு வாங்குகிறார்கள் என்பது பொருந்தாது. குப்பை கொட்டுவது, கன்றுகளைச் சேதப்படுத்துவது என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய மெத்தைகளைக் காட்டில் தள்ளிவிட்டுப் போனவர்கள் நம் ஆட்கள்தான்.

ரென்டன்: பெர்மிட் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம்தானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

எவரெட்: கம்பெனி பெர்மிட்டில் டேக்கும் சேர்ந்து வருமா?

மேலே உள்ளதேதான்.

மதுரை: நம் ஊர் எஸ்டேட்டில் இப்படி அனுமதி வாங்க முடியுமா?

முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. முதலாளியே சரி என்றாலும் புள்ளிமான், கடமான் எதையும் தொட முடியாது.

லேசி: பெர்மிட்டுக்குக் காசு இல்லை. வேறு வழி?

நிறைய உண்டு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கேபிடல் மாநிலக் காடு, அங்கே கம்பெனி பெர்மிட் வேண்டாம். வண்டிக்கு டிஸ்கவர் பாஸ் (மாநில நிலங்களுக்கு வண்டியோடு போக வாங்கும் பாஸ்) வைத்துக்கொள்ளுங்கள். மாநில வனவிலங்குத் துறை தனியார் நிலங்களிலும் வேட்டைக்கு இடம் ஏற்பாடு செய்கிறது, சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், சிலவற்றில் நேராகவே போகலாம். எல்லையை மட்டும் போன் வரைபடத்தில் சரிபாருங்கள். அடிபட்ட மான் அடுத்த நிலத்துக்குள் ஓடினால், உரிமையாளரைக் கேட்காமல் பின்னால் போகாதீர்கள். அங்கேயும் கேட் முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது.