தொடக்கப்பள்ளி வகுப்பறையில் திரைநேரத்தை ஏன் குறைக்க வேண்டும்?

கணினி, ஐபேட், கைப்பேசி என எதுவானாலும் அதன் திரையைப் பார்த்தபடி பிள்ளை கழிக்கும் நேரமே திரைநேரம். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அது நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்கிறது சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி. பள்ளிப் பாடத்துக்கான நேரம் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே வகுப்பறைக்குள் அளவு பார்ப்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

முதல் காரணம் கண். அருகில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு சிறு தசை இறுகியே இருக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறிப் பையை முழங்கை மடக்கியபடியே வீடுவரை தூக்கி வந்தால் கை என்ன பாடுபடும்? அதே பாடுதான். புத்தகமும் அருகில்தானே இருக்கிறது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் புத்தகம் அலுத்தால் பிள்ளை மூடிவிடும். காணொளியோ அடுத்ததைத் தானே தொடங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது கைப்பழக்கம். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் மாணவி 'ஞ' எழுதுவதைக் கவனியுங்கள்: பென்சில் தாளில் அழுந்துகிறது, சுழியில் தயங்குகிறது, பாதியில் அழிப்பானைத் தேடுகிறாள். திரையில் சரியான எழுத்தைத் தொட்டால் ஒரு மணியோசை, அவ்வளவுதான். எழுத்தின் வடிவம் விரலில் படிவதில்லை. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு உச்சரிப்பைக் கேட்டுப் பழகத் திரை நன்றாகவே உதவும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது கிட்டப்பார்வையைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை, பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவதற்கு உண்டு.