இரண்டு மனுவேல் பார்ட்லெட் இல்லை, ஒருவர்தான்

வணக்கம். 1988இல் மெக்சிகோவின் உள்துறை அமைச்சராக இருந்த பார்ட்லெட்டும், 2018இல் அங்குள்ள அரசு மின் நிறுவனமான மின்சார ஆணையத்தின் தலைவரான பார்ட்லெட்டும் ஒரே ஆளா, கட்டுரையில் எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஆள்தான். 1936இல் பிறந்தவர்.

உங்கள் குழப்பம் நியாயமானது, இரண்டு காலத்திலும் அவர் எதிரெதிர் அணிகளில் இருந்தார். 1988 ஜூலை அதிபர் தேர்தல் இரவில் முடிவுகளைத் தர வேண்டிய கணினி அமைப்பு முடங்கியதாகச் சொன்னார்கள். அப்போது தேர்தல் ஆணையம் உள்துறை அமைச்சரின், அதாவது பார்ட்லெட்டின், தலைமையில் இயங்கியது. வென்றதாக அறிவிக்கப்பட்டவர் அப்போதைய ஆளுங்கட்சியான பி.ஆர்.ஐ.யின் சலினாஸ். தோற்ற குவாதெமோக் கார்தெனாஸ், 1938இல் எண்ணெயைத் தேசியமயமாக்கிய லாசரோ கார்தெனாஸின் மகன். மின்சார ஆணையத்தை 1937இல் நிறுவியதும் அந்த லாசரோதான்! இந்தத் தொடர்பைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பார்ட்லெட் கல்வி அமைச்சர், புவெப்லா மாநில ஆளுநர், செனட்டர் ஆனார். இவற்றை ஓரிரு வரிகளில் முடிக்கலாம். 2012இல் தொழிலாளர் கட்சி சார்பில் மீண்டும் செனட்டுக்குப் போனார். 2013இல் எரிசக்தித் துறையைத் தனியாருக்குத் திறந்த சீர்திருத்தத்தை அங்கே கடுமையாக எதிர்த்தார். 2018இல் அதிபரான லோபெஸ் ஒப்ரதோர் அவரை மின்சார ஆணையத்துக்குக் கொண்டுவந்ததைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி என்பது என் கருத்து. 2024 வரை பதவியில் இருந்தார்.

ஒரு திருத்தம்: 2022 ஏப்ரலில் லோபெஸ் ஒப்ரதோரின் மின்சாரச் சீர்திருத்தம் (அரசியலமைப்புத் திருத்தம்) நிறைவேறியதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை, கீழவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் தோற்றது.